தங்கம் கொஞ்சம்தான் இறங்கியது, சுரங்கப் பங்கு ஏன் இவ்வளவு சரிந்தது?

கேள்வி: பந்தலூர் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி நான். கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த நிதியாண்டின் தொடக்கத்தில் கூடலூரில் இருந்த ஒரு மனையை விற்றேன். எங்கள் ஊரே ஒரு காலத்தில் தங்கம் தோண்டிய ஊர் என்பதால் அந்தத் தொழிலில் எனக்கு எப்போதும் ஓர் ஆசை உண்டு. விலையும் ஏறிக்கொண்டே போனது. மனை விற்ற பணத்தில் 6 லட்சம் ரூபாயைத் தங்கச் சுரங்கப் பங்குகளில் போட்டேன். உலகச் சுரங்கக் கம்பெனிகளில் முதலீடு செய்யும் ஃபண்டில் 3.5 லட்சம், செயலி வழியாக ஒரு பெரிய அமெரிக்கச் சுரங்கக் கம்பெனியில் 1.5 லட்சம், அதே செயலியில், டெலிகிராம் குழுவில் சொன்ன ஒரு சின்ன அமெரிக்கக் கம்பெனியில் 1 லட்சம். இப்போது ஃபண்டு 2.6 லட்சம், பெரிய கம்பெனி 1.1 லட்சம், சின்னது வெறும் 30 ஆயிரம். நகைக்கடையில் பவுன் விலை உச்சத்திலிருந்து பத்து சதவீதம்கூட இறங்கவில்லை. பங்கில் மட்டும் ஏன் மூன்றில் ஒரு பங்கு போனது? மச்சான், "பொறுத்தார் பூமி ஆள்வார், விற்காதே. முடிந்தால் வீட்டு நகையை அடகு வைத்து இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணு, வாங்கிய சராசரி விலை குறையும்" என்கிறார். மனைவி, "நகையாகவே வாங்கியிருக்கலாம்" என்கிறாள். அடுத்த வருஷக் கடைசியில் மகள் கல்யாணம். இதிலிருந்து 2 லட்சம் அதற்கு வேண்டும். வைத்திருக்கவா, விற்கவா?

பதில்:

அன்புள்ள ஐயா, முதலில் அந்த அடகு விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். நகையை அடகு வைத்துச் சுரங்கப் பங்கு வாங்கினால் இரண்டு பக்கமும் ஒரே தங்கத்தின் மேல்தான் நிற்பீர்கள். தங்கம் இன்னும் இறங்கினால் பங்கும் விழும், அடகில் இருக்கும் நகையின் மதிப்பும் குறையும். அந்த நேரம் பார்த்து, வித்தியாசப் பணத்தைக் கட்டுங்கள் என்று கடன் கொடுத்தவரிடமிருந்து போன் வரும். கட்ட முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும், அதுவும் கல்யாண வருஷத்தில். மச்சான் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வட்டி கட்டப்போவது அவரில்லை.

சரி, பவுன் பத்து சதவீதம் இறங்கினால் பங்கு ஏன் இவ்வளவு விழ வேண்டும்? தேயிலைக்காரரான உங்களுக்கு இதை விளக்குவது எளிது. கணக்குக்காக, பசுந்தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பறிகூலி, உரம், மருந்து, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து உங்களுக்கு ஆகும் செலவு 15 ரூபாய். கையில் நிற்பது 5. விலை 18 ஆகிவிட்டால் ஊரில் எல்லோரும் "பத்து சதவீதம் குறைந்துவிட்டது" என்பார்கள். உங்கள் கைக்காசோ 5-லிருந்து 3 ஆகிவிட்டது. அது நாற்பது சதவீதம். விலை இறங்கியது என்பதற்காகப் பறிக்கிற அம்மாவின் கூலியைக் குறைக்க முடியாது, உர மூட்டையும் மலிவாகாது.

சுரங்கமும் அப்படித்தான். ஓர் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) தங்கம் 3,000 டாலர், அதை எடுக்க ஒரு கம்பெனிக்கு 1,500 டாலர் செலவு என்றால், தங்கம் 2,700-க்கு இறங்கும்போது அதன் லாபம் 20 சதவீதம் குறையும். அதே தங்கத்தை 2,500 டாலர் செலவில் எடுக்கிற கம்பெனிக்கு லாபம் 500-லிருந்து 200 ஆகிவிடும். அறுபது சதவீதம் காலி. இரண்டும் தங்கச் சுரங்கம்தான், ஆனால் ஒரே இறக்கத்தில் ஒன்று தள்ளாடும், இன்னொன்று படுத்துவிடும். எனவே சுரங்கப் பங்கு வாங்குபவர் தங்கத்தின் விலைக்கு முன்னால் அந்தக் கம்பெனி ஓர் அவுன்ஸுக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்க்க வேண்டும். 2013-லிருந்து உலகத் தங்கக் கவுன்சிலின் வழிகாட்டுதல்படி பெரும்பாலான கம்பெனிகள் ‘முழுச் செலவு’ என்று ஓர் எண்ணைக் காலாண்டு அறிக்கையில் தருகின்றன. சுரங்கத்தைத் தொடர்ந்து நடத்த ஆகும் பராமரிப்பு, நிர்வாகச் செலவெல்லாம் அதில் அடக்கம். டெலிகிராம் குழுவில் அந்த எண்ணை யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், நம் ஊர் நகைக்கடை போர்டில் இருக்கும் விலை சுரங்கக்காரர் பார்க்கும் விலை இல்லை. நம் பவுன் விலைக்குள் டாலர் மதிப்பும் இறக்குமதி வரியும் உட்கார்ந்திருக்கின்றன. 2011 செப்டம்பரில் லண்டனில் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட தங்கம் 2015 டிசம்பரில் 1,050-க்கு வந்தது. சுமார் 45 சதவீத வீழ்ச்சி. அதே காலத்தில் இங்கே பவுன் விலை அதில் ஒரு சிறு பகுதிதான் இறங்கியது. காரணம், டாலர் 47, 48 ரூபாயிலிருந்து 66-க்கு மேல் போனது. 2013 ஆகஸ்டுக்குள் இறக்குமதி வரியும் 10 சதவீதம் ஆக்கப்பட்டிருந்தது. நம் வீடுகளில் யாருக்கும் பெரிய சரிவு ஒன்று நடந்ததே தெரியாது. 2024 ஜூலையில் இது தலைகீழாக நடந்தது. பட்ஜெட்டில் வரி 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது, இங்கே பவுன் விலை ஒரே நாளில் சரிந்தது, உலகச் சுரங்கங்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ரூபாய் மதிப்பு இறங்கினால் உங்கள் ஃபண்டுக்கும் கொஞ்சம் முட்டுக்கொடுக்கும், அது உண்மை. வரியால் வரும் முட்டு அதற்குக் கிடையாது. அதனால் போர்டைப் பார்த்துப் பங்கின் நிலையைக் கணிக்காதீர்கள்.

இனி, பொறுப்பதைப் பற்றி. சுரங்கப் பங்குகளின் பழைய சரிவுகளைப் பார்த்தால் பொறுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கூலி கிடைக்கவில்லை. பெரிய சுரங்கக் கம்பெனிகளை மொத்தமாக வைத்திருக்கும் ஜி.டி.எக்ஸ் என்ற அமெரிக்க இ.டி.எஃப்பை (சந்தையில் பங்குபோலவே வாங்கி விற்கும் ஃபண்டு) எடுத்துக்கொள்வோம். 2008-ல் அது மார்ச்சிலிருந்து அக்டோபருக்குள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழந்தது. உலகமே ரொக்கத்துக்கு ஓடிய நேரம் அது. கையில் இருந்ததையெல்லாம் விற்றார்கள், சுரங்கப் பங்கும் சேர்ந்து விற்கப்பட்டது. சுமார் இரண்டு ஆண்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. 2020 மார்ச் கொரோனா பயத்தில் விழுந்தது இரண்டு மாதத்துக்குள் எழுந்துவிட்டது. அதே ஜி.டி.எக்ஸ் 2011 செப்டம்பரில் 66 டாலர் அருகே இருந்து 2016 ஜனவரியில் 12, 13 டாலருக்கு வந்தது. ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. அப்போது உச்சத்தில் வாங்கியவர் தன் அசலைப் பார்க்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினான்கு வருஷம். தங்கம் தன் பழைய உச்சத்தை 2020-லேயே தாண்டிவிட்டது, பங்கு அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டது.

ஏன் இந்த வித்தியாசம்? பயத்தில் விழுவது வேறு, தங்கத்தின் விலையே வருஷக்கணக்கில் தேய்வது வேறு. அப்படித் தேயும் காலத்தில், விலை ஏறியபோது கம்பெனிகள் செய்த ஊதாரித்தனமெல்லாம் வெளியே வரும். பாரிக் கோல்டு உலகத்தின் மிகப்பெரிய தங்கச் சுரங்கக் கம்பெனியாக இருந்தது. 2011-ல் பல நூறு கோடி டாலர் கடன் வாங்கி ஒரு தாமிரக் கம்பெனியை வாங்கியது. சிலி, அர்ஜென்டினா எல்லையில் பாஸ்குவா லாமா என்ற சுரங்கத்தில் கொட்டிய பணம் கட்டுக்கடங்காமல் போய், 2013-ல் வேலையை நிறுத்தினார்கள். 2011-ல் 50 டாலருக்கு மேல் விற்ற பங்கை 2013 கடைசியில் 18 டாலர் சொச்சத்துக்குப் புதிதாக வெளியிட்டு 300 கோடி டாலர் திரட்டிக் கடனை அடைத்தார்கள். பொறுமையாக உட்கார்ந்திருந்த பழைய பங்குதாரருக்குக் கிடைத்தது, அதே சுரங்கத்தில் முன்பைவிடச் சின்ன துண்டு. விலை திரும்பினாலும் அந்தத் துண்டு பெரிதாகாது.

தங்கம் நன்றாக இருந்து கம்பெனி மட்டும் அடி வாங்குவதும் உண்டு. 2024 அக்டோபரில் தங்கம் அதுவரை இல்லாத உயரத்துக்கு அருகில் இருந்தது. அந்த வாரம் நியூமான்ட் என்ற பெரிய அமெரிக்கச் சுரங்கக் கம்பெனி காலாண்டுக் கணக்கைச் சொன்னது, செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியிருந்தது, பங்கு ஒரே நாளில் 15 சதவீதம் அளவுக்கு விழுந்தது. 2025 ஜனவரியில் மாலி நாட்டு அரசு பாரிக்கின் சுரங்கத்துக்கு ஹெலிகாப்டரை அனுப்பி அங்கிருந்த சுமார் 3 டன் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனது. வரி, சுரங்கத்தில் அரசுக்கு உள்ள பங்கு பற்றிய தகராறு. சுரங்கத்தை மூட்டை கட்டி வேறு நாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அந்த நாட்டு அரசு கேட்பதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் ஊரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம். 1879-ல் ஆங்கிலேய அரசு ஆஸ்திரேலியாவில் சுரங்கத்துறை அனுபவம் உள்ள ப்ரஃப் ஸ்மித் என்பவரை வரவழைத்து, தேவாலா, பந்தலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாட்டைப் பார்க்கச் சொன்னது. 1880-ல் அவர் நம்பிக்கையூட்டும் அறிக்கை கொடுத்தார். லண்டனில் கம்பெனிகள் மளமளவென்று முளைத்தன. பங்கு போட்ட பணத்தில் கணிசமான பகுதி தோண்டுவதற்குப் போகவில்லை. காப்பி நொடித்துப்போன தோட்டக்காரர்களிடம் நிலத்தை எக்கச்சக்க விலைக்கு வாங்குவதற்குப் போனது. பாறையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சரியாகப் பார்ப்பதற்கு முன்பே இயந்திரங்கள் மலையேறின. அரைத்துப் பார்த்தால் ஒரு டன்னுக்குச் சில கிராம்தான். சில ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. மிச்சமாக நின்றவை காட்டுக்குள் பழைய சுரங்கக் குழிகள். இன்றும் அங்கே திருட்டுத்தனமாக இறங்குபவர்கள் மண் சரிந்து மாட்டிக்கொள்கிறார்கள். பந்தலூர்ப் பங்கைப் பிடித்துக்கொண்டு பொறுத்தவர் எவரும் பூமி ஆளவில்லை.

அதே 1880-ல் அதே லண்டனில் கோலாருக்கென்று மைசூர் கம்பெனி தொடங்கியது. அதுவும் முதல் சில ஆண்டுகள் பணத்தைக் கரைத்தது, பங்கு சீந்துவாரில்லாமல் கிடந்தது. கஜானா காலியாகும் கட்டத்தில், நிர்வாகம் பார்த்த ஜான் டெய்லர் கம்பெனியார் மிச்சத்தையும் போட்டுத் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று பங்குதாரர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். சாம்பியன் ரீஃப் என்ற தங்கம் செறிந்த பாறைப் படிவம் கிடைத்தது. 2001 பிப்ரவரியில் மூடும்வரை கோலார் தங்கவயல் சுமார் 800 டன் தங்கம் கொடுத்தது. (அதைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள். லாபத்தைப் பார்த்தவர்கள் வேறு.) 1883-ல் இரண்டு பங்கும் வைத்திருந்த ஒருவருக்கு இரண்டும் ஒரே மாதிரி இறங்கிய காகிதமாகத்தான் தெரிந்திருக்கும். விலையைப் பார்த்து எது கோலார், எது பந்தலூர் என்று சொல்லியிருக்க முடியாது. பாறையைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன்.

சின்னக் கம்பெனி: நீங்கள் அனுப்பிய பெயரை வைத்து அதன் அறிக்கையைப் பார்த்தேன். இதுவரை ஒரு கிராம் தங்கம் விற்றதில்லை. ஆய்வுத் துளை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், பணம் தீர்ந்தால் புதுப் பங்கு விற்கிறார்கள். இந்த வகையில் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று சொல்லவில்லை. நேர்மையாகத் தேடியும் கிடைக்காமல் போவதுதான் அதிகம். மோசடியும் நடந்திருக்கிறது: 1990-களில் கனடாவின் ப்ரீ-எக்ஸ் கம்பெனி, இந்தோனேசியாவில் மலைபோல் தங்கம் என்று சொல்லி நூற்றுக்கணக்கான கோடி டாலர் மதிப்புக்கு உயர்ந்தது. பாறை மாதிரியில் வெளியே இருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டது 1997-ல் அம்பலமாகி, பங்கு ஒன்றுமில்லாமல் போனது. உங்கள் 30 ஆயிரத்தை வெளியே எடுங்கள். "ஒரு லட்சத்துக்கு வாங்கினேனே" என்ற எண்ணம் அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. இன்று கையில் 30 ஆயிரம் ரொக்கம் இருந்தால் இதையே வாங்குவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டீர்கள்தானே.

பெரிய கம்பெனி: மோசமான கம்பெனி இல்லை. அவுன்ஸ் செலவு நடுத்தரம், கடன் தாங்கும் அளவில்தான் இருக்கிறது. இந்த இறக்கத்தில் மூழ்காது. இருந்தாலும் இதை வைத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் ஃபண்டுக்குள் ஏற்கெனவே இதுவும் இதைப் போன்ற பலவும் இருக்கின்றன. ஒரு காலாண்டு அறிக்கையில், ஓர் அரசின் உத்தரவில் 15 சதவீதம் போகிற ஆபத்தைத் தனியாக ஒரு கம்பெனியில் சுமக்க உங்களுக்கு அவசியமில்லை. வெளிநாட்டுப் பங்குக்கான கணக்கு வழக்குத் தொல்லை வேறு.

ஃபண்டு: இதை மட்டும் பொறுக்கலாம். ஆனால் கல்யாணப் பணத்தைப் பிரித்துவிட்டுத்தான்.

கல்யாணத்துக்கு 2 லட்சம், அதுவும் ஒன்றரை இரண்டு வருஷத்துக்குள். சுரங்கப் பங்கு இரண்டு மாதத்தில் எழுந்ததும் உண்டு, பதினான்கு வருஷம் எடுத்ததும் உண்டு. மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் தேதி அதற்காகக் காத்திருக்காது. சின்னக் கம்பெனி 30 ஆயிரம், பெரிய கம்பெனி 1.1 லட்சம், ஃபண்டிலிருந்து 60 ஆயிரம், ஆக 2 லட்சம். இதை இப்போதே எடுத்து வங்கி எஃப்.டி-யில் போட்டுவிடுங்கள். விற்ற மறுவாரமே விலை ஏறலாம். ஏறினால் மச்சான் சும்மா இருக்க மாட்டார். பரவாயில்லை, கல்யாணம் தடைபடாது என்ற நிம்மதிக்கு அந்தப் பேச்சைக் கேட்டுக்கொள்ளலாம்.

மிச்சம் ஃபண்டில் 2 லட்சம் நிற்கும். அது உங்கள் மொத்தச் சேமிப்பில் பத்து சதவீதத்துக்குள் வருகிறது என்றால், ஆறேழு வருஷத்துக்குத் தொட வேண்டாம் என்றால், விட்டுவையுங்கள். இன்னும் பாதியாக இறங்கினாலும் உங்கள் வீட்டுச் சமையல் மாறாது என்ற அளவுக்குத்தான் இதில் இருக்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் என்றால் அந்த அதிகப்படியையும் விற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆவரேஜ் செய்வது ஃபண்டில் தவறில்லை. கல்யாணம் முடிந்த பிறகு, இலைப் பணத்தில் மிஞ்சுவதிலிருந்து மாதம் ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். தனிப்பட்ட கம்பெனியில், அதுவும் ஏன் விழுகிறது என்று தெரியாமல், ஆவரேஜ் செய்வது நஷ்டத்துக்கு உரம் போடுகிற வேலை.

உங்கள் வீட்டம்மா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. தங்கத்தின் விலை ஏற்றம்தான் வேண்டும் என்றால் தங்கத்தையே வைத்திருக்கலாம், அதற்குக் கடனும் இல்லை, மாலி அரசும் இல்லை. நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று வாங்கும் அன்றே ஒரு பகுதி போய்விடும். மகளுக்கு எப்படியும் நகை போடப்போகிறீர்கள் என்றால் அது செலவுக் கணக்கு, அதில் லாப நஷ்டம் பார்க்க வேண்டாம். சேமிப்புக்கு என்றால் இந்தியாவிலேயே கிடைக்கும் கோல்டு இ.டி.எஃப் போதும்.

கடைசியாக வரி. இங்கே உங்களுக்குக் கொஞ்சம் ஆதாயம் இருக்கிறது. மனை விற்றதும் இந்தப் பங்குகளை விற்பதும் ஒரே நிதியாண்டில் வந்தால், பங்கில் வந்த குறுகிய கால நஷ்டத்தை மனையின் நீண்ட கால லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். சின்னக் கம்பெனியில் 70 ஆயிரம், பெரியதில் 40 ஆயிரம், ஃபண்டில் விற்கும் பகுதிக்கு 20 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல், மொத்தம் 1.3 லட்சம் அளவுக்கு நஷ்டம். மனை லாபத்துக்கு வேறு விலக்கு எடுக்காமல் 12.5 சதவீத வரி கட்டுவதாக இருந்தால் 16 ஆயிரம் ரூபாய் போல மிச்சமாகும். இதற்கு மார்ச் 31-க்குள் விற்றிருக்க வேண்டும், கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். ஃபண்டில் ஒரு வருஷத்துக்குள் எடுத்தால் எக்ஸிட் லோடு (சீக்கிரம் எடுப்பதற்குப் பிடிக்கும் கட்டணம்) உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள். கழித்தும் நஷ்டம் மிஞ்சினால் எட்டு ஆண்டுகள்வரை அடுத்த லாபங்களில் கழிக்கலாம், ஆனால் வருமான வரி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால்தான்.

அமெரிக்கப் பங்கு இரண்டையும் விற்றுவிட்டாலும், வைத்திருந்த காலத்துக்கு ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். ஃபண்டு இந்திய ஃபண்டு என்பதால் அதை அந்த அட்டவணையில் காட்டத் தேவையில்லை. ஓய்வூதியக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர்-1 படிவம் உங்களுக்குச் செல்லாது, ஐ.டி.ஆர்-2 போட வேண்டும். அந்த அட்டவணைக்கு வாங்கிய தேதி, ஆண்டில் இருந்த அதிகபட்ச மதிப்பு, வந்த டிவிடெண்டு எல்லாம் கேட்கும்; டிவிடெண்டில் அமெரிக்காவில் பிடித்த வரி விவரமும் ரிட்டர்னுக்கு வேண்டும். எனவே செயலியை மொபைலிலிருந்து நீக்குவதற்கு முன்னால் முழு ஸ்டேட்மென்டையும் இறக்கி, மனை விற்ற பத்திர நகலோடு சேர்த்து ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.